கையெழுத்து ஒத்துப்போகவில்லை

ஊர் வங்கியில் கிடக்கும் தன் பணத்தை வெளிநாட்டில் இருந்துகொண்டு கேட்பவரைச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும் என்பதுதான் வங்கித் தொழிலின் முதல் பாடம். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கால்கடுக்க நின்றவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். நான் இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள். கோபித்துக்கொள்ளாதீர்கள், எனக்கும் கால் வலித்தது.

எழுபதுகளின் தொடக்கம். ஸ்டுட்கார்ட் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு வங்கி, அதில் அந்நியச் செலாவணி கவுண்ட்டர். கணவர் ஆராய்ச்சிக்கூடத்துக்குக் கிளம்பிப் போனதும் நாள் முழுக்க ஜன்னலில் பனி பார்த்து அலுத்துப்போய் விண்ணப்பம் போட்டேன். ஆங்கிலம் வரும், ஜெர்மன் தட்டுத்தடுமாறித்தான் வரும் என்று நேர்முகத்தில் உண்மையைச் சொல்லிவிட்டேன். பிரிவுத் தலைவர் ஹெர் பெக்கர் சிரிக்காமல் சொன்னார்: "அந்த கவுண்ட்டருக்கு வருகிறவர்களும் அப்படித்தான். நாளைக்கே வாருங்கள்."

தந்தியா, தபாலா?

சபாநாதன் யாழ்ப்பாணத்துக்காரர், பொறியியல் மாணவர். உதவித்தொகை முடிந்துவிட்டது. கடைசித் தேர்வுக்கு இன்னும் ஒரு பருவம் பாக்கி. அந்தப் பருவத்துச் செலவுக்கான பணத்தை பிப்ரவரி முடிவதற்குள் இங்கே ஒரு கணக்கில் காட்டவேண்டும். காட்டாவிட்டால் வெளிநாட்டவர் அலுவலகம் விசாவை நீட்டிக்காது. ஐந்து வருடப் படிப்பைப் பட்டமில்லாமல் மூட்டை கட்டவேண்டியதுதான். பணத்துக்குப் பஞ்சமில்லை. காலமான அப்பா இவர் பெயரில் போட்டுவைத்தது யாழ்ப்பாணத்து வங்கி ஒன்றில் பத்திரமாக இருந்தது. அதை வெளியே அனுப்ப அரசாங்க அனுமதியும் வாங்கியாகிவிட்டது.

அக்டோபரில் வந்து, செலவு குறைவான வழி எது என்று கேட்டார். தந்தி மூலம் வரவழைத்தால் நாலு நாள், ஆனால் கட்டணம் கண்ணைப் பிடுங்கும். விமானத் தபால் மூலம் என்றால் கட்டணம் சொற்பம், ஆனால் வாரக்கணக்கில் ஆகும். மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கினால் ஒவ்வொரு தடவையும் இரண்டு வங்கியும் கட்டணம் பிடித்துக்கொள்ளும், அதனால் மொத்தமாக ஒரே தடவையில் வாங்குவதே லாபம் என்றேன். ஊரிலிருந்து வருகிறவர் பெட்டியில் ஒளித்துக் கொண்டுவரும் வழியும் ஒன்று உண்டு. வங்கிச் சம்பளம் வாங்குகிறவள் அதைச் சொல்லக்கூடாது. தபாலே போதும் என்று ஊர் மேனேஜருக்குக் கடிதம் எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

"தந்திக்குக் குடுக்கிற காசில நான் ரெண்டு கிழமை சாப்பிடுவன் அக்கா. பெப்ரவரிக்கு இன்னும் நாலு மாசம் கிடக்குதெல்லே?"

முன்கூட்டியே முடித்த வேலை

அதே மாதத்தில் நூற்பு இயந்திரம் பார்க்க ஒரு மில் முதலாளி கோயமுத்தூரிலிருந்து வந்தார். கையில் கனமான டிராவலர்ஸ் செக் கட்டு. அந்தச் செக்குக்கு இரண்டு கையெழுத்து: வாங்கும்போது ஒன்று, மாற்றும்போது எங்கள் கண்ணெதிரே இன்னொன்று. இவர் விமானத்தில் சும்மா இருப்பானேன் என்று அத்தனை செக்கிலும் இரண்டாவது கையெழுத்தையும் போட்டு முடித்துவிட்டார். ஹெர் பெக்கர் அந்தக் கட்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, போலீஸுக்குச் சொல்லலாமா என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். முதலாளியிடம் டிராமுக்குக்கூடச் சில்லறை இல்லை.

மாற்ற வேண்டிய ஒவ்வொரு செக்கின் பின்புறத்திலும் எங்கள் எதிரில் மறுபடி கையெழுத்து வாங்கி, பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பணம் கொடுத்தோம். தினம் ஒன்றாக மாற்றினால் தினம் ஒரு கட்டணம், இரண்டு வாரத்துக்கு வேண்டியதைச் சேர்த்தே மாற்றுங்கள் என்றும் சொன்னேன். அதெல்லாம் அவர் காதில் விழவில்லை.

"ஏனுங்கம்மா, நம்மூர்ல வேலைய முன்னாலயே முடிச்சு வெச்சா நல்ல பேருங்க. இங்க போலீஸுங்களா?"

கோட் போட்ட கையெழுத்து

நவம்பர் கடைசியில் சபாநாதனின் கடிதம் போன வழியே திரும்பி வந்தது. மேலே ஒரு சிவப்புச் சீட்டு: கையெழுத்து ஒத்துப்போகவில்லை. நம் ஊர் வங்கியில் கணக்கு வைத்திருக்கும் எவருக்கும் இந்த வாசகத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

கணக்குத் தொடங்கியபோது அவருக்குப் பதினைந்து வயது. முழுப் பெயரையும் குண்டு குண்டாகத் தமிழில் எழுதியிருக்கிறார். இங்கே வந்ததும் ஆள் கோட் போட்டுக்கொண்டார், கையெழுத்துக்கும் ஒன்று போட்டுவிட்டார். அது இப்போது ஒரு சுழி, ஒரு நீளக் கோடு, அவ்வளவுதான். பழையபடி எழுதிக் காட்டுங்கள் என்றேன். எங்கள் படிவத்தின் பின்புறத்தில் எட்டுத் தடவை எழுதினார். எட்டும் எட்டு ஆள் போட்டது போல இருந்தன. அதில் கொஞ்சம் தேவலாம் என்று பட்ட மாதிரியில் புதுக் கடிதம் போயிற்று.

"என்ர கையெழுத்த எனக்கே போட ஏலாமக் கிடக்குது அக்கா."

மேனேஜரின் பாதுகாப்பு

ஜனவரி நடுவில் அதுவும் திரும்பி வந்தது. அதே சிவப்புச் சீட்டு. எனக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது. இனி தந்தியை நம்பவும் வழியில்லை. தந்தியில் பணம் அனுப்பச் சொல்வதற்கும் அதே கையெழுத்துதான் வேண்டும். தபால் வழியைக் காட்டியவள் நான்தானே என்று இரவில் தூக்கம் கெட்டது.

சபாநாதனும் நடுவில் சும்மா இருக்கவில்லை. முதல் கடிதம் திரும்பியதுமே அம்மாவுக்கு எழுதியிருந்தார். அம்மா வங்கிக்குப் போய், மகன் அன்றைக்குப் போட்ட கையெழுத்தை ஒரு தடவை காட்டுங்கள், பார்த்து எழுதி அனுப்புகிறேன் என்று கேட்டிருக்கிறார். மேனேஜர் மறுத்துவிட்டார். அம்மா விடவில்லை, வீட்டில் தேடி, மகனின் பத்தாம் வகுப்புக் கொப்பியின், அதாவது நோட்டுப் புத்தகத்தின், அட்டையைக் கிழித்து, அதிலிருந்த பெயரோடு தபாலில் அனுப்பிவைத்தார். கூடவே மேனேஜர் சொன்னதையும் வரி பிசகாமல் எழுதியிருந்தார்.

"மாதிரிக் கையெழுத்த வெளியில காட்ட ஏலாது அம்மா. பாத்து ஆரும் கள்ளக் கையெழுத்து வைச்சிடுவினம்."

ஹெர் பெக்கரின் சாட்சி

கொப்பி அட்டையைப் பார்த்து மூன்று நாள் எழுதிப் பழகினார். எனக்கு அது போதும் என்று படவில்லை. "இவர்தான் இவர், என் எதிரில்தான் கையெழுத்துப் போட்டார்" என்று எங்கள் வங்கியே சாட்சி சொன்னால் ஊரில் மதிப்பார்கள் என்று ஹெர் பெக்கரிடம் போனேன். வாசிக்கத் தெரியாத எழுத்துக்கு எப்படிச் சாட்சி சொல்வது என்றார். நீங்கள் வாசிக்க வேண்டாம், பார்த்தால் போதும் என்றேன். சபாநாதனை உட்காரவைத்து, குளிரில் விறைத்த கையைச் சூடு பண்ணிக்கொள்ளச் சொல்லிக் காப்பி கொடுத்தார். மூன்று தடவை தனித்தாளில் எழுதச் சொல்லி, ஒவ்வொன்றின் நீளத்தையும் அடிக்கோல் வைத்து அளந்தார். மூன்றும் ஒரே நீளம்.

பிறகு அலமாரியைத் திறந்து, நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஒரு தடவைகூட வெளியே வராத பெரிய வட்ட முத்திரையை எடுத்தார். கடிதத்தில் ஒரு குத்து. போதாது என்று ஓரத்தில் இன்னொன்று. தன் பெயர், பதவி, தேதி, நேரம். பணத்தைத் தந்தி மூலம் அனுப்பும்படி கேட்டு கடிதம் அன்றைக்கே விமானம் ஏறியது. தந்திக் கட்டணம் போனால் போகட்டும் என்று சபாநாதன் சொல்லிவிட்டார்.

"எனக்கு உங்கள் எழுத்து தெரியாது, ஆனால் முத்திரை தெரியும்."

பதில்

பிப்ரவரி இருபத்துமூன்று வரை ஒன்றும் வரவில்லை. சபாநாதன் தினம் வந்து கண்ணாடிக்கு அப்பால் நிற்பார், நான் இல்லை என்று தலையாட்டுவேன், போய்விடுவார். ஊருக்குக் கொண்டுபோகப் பெட்டி விலை கேட்டதாக ஒரு நாள் சொன்னார். இருபத்துநாலாம் தேதி காலை தந்தி வந்தது, முழுப் பணத்தோடு. விடுதிக்கு போன் பண்ணினேன். தொப்பிகூட இல்லாமல் பனியில் ஓடிவந்தார். கணக்குச் சான்றிதழை ஹெர் பெக்கரே டைப் அடித்துக் கொடுத்தார். மறுநாள் விசா நீட்டிப்பு கிடைத்தது. கோடையில் பட்டமும் கிடைத்தது. தந்திக் கட்டணம் தின்ற அந்த இரண்டு கிழமையும், நம் கணக்கில் இரண்டு வாரமும், அவருக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு.

பத்து நாள் கழித்து, ஊர் மேனேஜரின் கடிதம் தபாலில் வந்தது. ஆங்கிலத்தில் டைப் அடித்த வழக்கமான வாசகங்கள். அடியில் மட்டும் தமிழில், மையால், அவரே எழுதியிருந்தார். ஹெர் பெக்கருக்கு அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

"கையெழுத்து இப்பொழுதும் ஒத்துப்போகவில்லை. ஆனால் முத்திரை மிகவும் நன்றாக இருக்கிறது. பணம் அனுப்பியுள்ளேன்."

பணம் நம்முடையது, கையெழுத்து நம்முடையது, கைகூட நம்முடையதுதான். நாம்தான் நாம் என்று சொல்வதற்கு மட்டும் நம் எழுத்தை வாசிக்கத் தெரியாத ஒருவர் வேண்டியிருக்கிறது.