முதுகு திறந்த கோட்டு

இன்று கிருஷ்ணகிரியில் ஒரு போட்டோ ஸ்டுடியோவுக்குப் போனேன். அமெரிக்காவில் ஓராண்டு பாடம் நடத்த நம் பக்கத்து வாத்தியார்களை எடுக்கிறார்களே, அதற்கு நானும் போடுகிற மனுவோடு கோட்டு போட்ட படம் வைக்க வேண்டும்.

நம்மிடம் ஏது கோட்டு? ஸ்டுடியோக்காரரே ஒன்றை எடுத்துவந்து முன்பக்கமாக மாட்டிவிட்டார். முதுகில் ஜில்லென்று காற்று பட்டது. தடவிப் பார்த்தேன். கழுத்திலிருந்து இடுப்புவரை கத்தரித்து, கட்டிக்கொள்ள நாடா வைத்திருந்தது.

"இது ஏங்க இப்படி?"

"செத்தவங்களை உக்கார வச்சுப் படம் எடுக்கக் கூப்பிடறாங்க சார். வெறைச்ச கையில வேற எப்படி மாட்டறது? போன வாரங்கூட காவேரிப்பட்டினத்துல ஒருத்தருக்குப் போட்டேன். தொவச்சாச்சு, பயப்படாதீங்க."

மனு அனுப்ப நாளைதான் கடைசி. மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"உயிரோட இருக்கறவங்க இவ்ளோ அசையாம உக்காந்து நான் பாத்ததில்லீங்க" என்று மெச்சினார்.

சாயங்காலம் படத்தை மனைவியிடம் காட்டினேன். பார்த்தவள் சட்டென்று கவிழ்த்து வைத்தாள்.

"நல்லாத்தான் இருக்குது. செவுத்துல மட்டும் மாட்டிடாதீங்க."

கோட்டுக் கதையை நான் அவளிடம் சொல்லவே இல்லை.

முதுகில் அந்தக் காற்று இன்னும் நிற்கவில்லை. அமெரிக்கா போனால் நம் வழக்கங்களையும் எடுத்துச் சொல்ல வேண்டுமாம். இந்தக் கோட்டிலிருந்தே ஆரம்பிக்கலாமா, நீங்களே சொல்லுங்கள்.