பொக்ஸ் ஹில்லில் மூன்றாவது கூப்பாட்டுக்குக் காத்திருந்த காலை

லண்டனுக்குத் தெற்கே இருக்கும் பொக்ஸ் ஹில் குன்றுக்கு எப்படிப் போவது என்று இரண்டு பேர் கேட்டு எழுதியிருந்தீர்கள். சொல்கிறேன். ஆனால் 1993இல் நான் அங்கே போன கதையையும் சேர்த்துத்தான் சொல்வேன். வழியை மட்டும் சொல்லிவிட்டுப் பேசாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்தக் கோடையில் நான் கல்லூரியில் முதல் ஆண்டை முடித்திருந்தேன். கிழக்கு லண்டன் மனோர் பார்க்கில் அக்கா வீட்டில் இருப்பு. வகுப்பில் எல்லோரும் விடுமுறைக்கு வெளிநாடு கிளம்பினார்கள். என் அகதி வழக்கு முடியாமல் இழுபட்டுக்கொண்டிருந்தது, கையில் கடவுச்சீட்டு இல்லை. ஆகவே லண்டனுக்குள்ளேயே ஒரு வெளிநாட்டைத் தேடினேன். கல்லூரி அறிவிப்புப் பலகையில் அது கிடைத்தது: நியூ மோல்டனில் ஒரு கொரியக் குடும்பம், தனி அறை, சாப்பாட்டோடு வாரம் முப்பது பவுண், வீட்டுக்காரரோடு தினமும் ஒரு மணி நேரம் ஆங்கிலத்தில் பேச வேண்டும்.

"உனக்கென்ன விசரே? இஞ்ச சோறு கறி இருக்க, அங்க போய் என்னத்தைத் தின்னப் போறாய்?" என்றாள் அக்கா.

"ரெண்டு மாசம்தானே அக்கா. சனிக்கிழமையில வாறன்."

மனோர் பார்க்கிலிருந்து லிவர்பூல் ஸ்ட்ரீட், அங்கிருந்து பாதாள ரயிலில் வாட்டர்லூ, வாட்டர்லூவிலிருந்து இருபத்தைந்து நிமிடத்தில் நியூ மோல்டன். காத்து நிற்பதெல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம். கொரியாவுக்கு இவ்வளவு சீக்கிரம் போய்ச் சேர்ந்தவன் நானாகத்தான் இருப்பேன்.

வீட்டுக்காரர் பாக் ஐயாவுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. கொரிய மளிகைக் கடை வைத்திருந்தார். அவரும் மனைவியும் மட்டும்தான். வாசலில் செருப்பைக் கழற்றியதும் எனக்குப் பாதிக் கூச்சம் போய்விட்டது. பின்வளவில் ஜாடி ஜாடியாகக் கோவா, அதாவது முட்டைக்கோஸ் ஊறுகாய். தரையில் உட்கார்ந்து சாப்பாடு. பெரியவர்கள் எதைத் தந்தாலும் இரண்டு கையாலும் வாங்க வேண்டும். உறைப்பு விஷயத்தில் மட்டும், யாழ்ப்பாணத்தான் என்ற திமிரில் அள்ளித் தின்று முதல் நாளே கண் கலங்கினேன்.

சாப்பாட்டுக்குப் பாக் அம்மா மாடிப்படியடியில் நின்று என்னைக் கூப்பிடுவார். மூன்றாவது தரம் கூப்பிட்ட பிறகுதான் நான் "வாறன்" என்று குரல் கொடுப்பேன். கொஞ்ச நாளில் பாக் ஐயா இதைக் கண்டுபிடித்துவிட்டார்.

"யோகன், உங்கள் காது மூன்றாவது தரத்தில்தான் திறக்குமா?"

பேய் இரண்டு தரத்துக்கு மேல் பெயர் சொல்லிக் கூப்பிடாது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள் என்றேன். அவர் சிரித்தார். அதற்குப் பிறகு கடைக்குக் கிளம்பும்போது அவரும் "வாறன்" என்று எனக்குச் சொல்லப் பழகிக்கொண்டார். மிச்சக் காரணத்தை நான் அவருக்குச் சொல்லவில்லை. எண்பத்தெட்டில் பக்கத்து வீட்டு அண்ணையை ஆயுதத்தோடு வந்தவர்கள் படலையில் நின்று ஒரே ஒரு தரம்தான் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் பதில் சொல்லிக்கொண்டு வெளியே போனார். பிறகு திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து எங்கள் ஒழுங்கையில் எந்தப் பொடியனும் முதல் கூப்பாட்டுக்கு வாய் திறந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பொக்ஸ் ஹில்லில் மலையேற்றம். பத்துப் பன்னிரண்டு கொரியர்கள் வருவார்கள். இமயமலைக்குப் போவதுபோல உடுப்பும் சப்பாத்தும் தடியும். ஏறுவது இருநூற்றுச் சொச்சம் மீட்டர். உச்சியில் நின்று எல்லோரும் "யாஹோ" என்று கத்துவார்கள். சாப்பிடுவதற்கு முன்னர் பாக் ஐயா ஒரு கிண்ணம் அரிசி மதுவை மண்ணில் ஊற்றுவார்.

"மலைக்குச் சொந்தக்காரர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கேட்காமல் சாப்பிடக் கூடாது."

"இது இங்கிலாந்து மலை ஐயா. கொரிய மது அவருக்குப் பிடிக்குமோ தெரியாது."

"உங்கள் முருகன் லண்டனுக்கே வந்து ஆர்ச்வே மேட்டில் கோயில் கொண்டிருக்கிறார் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?"

கிண்ணத்தில் மிச்சமிருந்ததை நானும் மண்ணில் ஊற்றினேன்.

ஆகஸ்ட் கடைசி ஞாயிறு. ஒரு வான் வண்டியில் காலை 8.10க்குப் புறப்பட்டோம். பதினான்கு மைல், நாற்பது நிமிடம். இரவு முழுக்க மழை பெய்திருந்தது. ஆற்றில் போட்டிருக்கும் மிதிகற்களைக் கடந்தபோது அக்கரை தெரியவில்லை, அவ்வளவு மூடுபனி. மற்றவர்கள் படிக்கட்டில் விறுவிறென்று ஏறிப் போய்விட்டார்கள். பாக் ஐயாவும் நானும் பின்தங்கினோம்.

பாதை யூ மரங்களுக்குள் நுழைகிறது. இங்கே தேவாலயக் கல்லறைகளில் நிற்குமே, அதே மரம். அடியில் புல் முளைப்பதில்லை. அன்றைக்கு ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை. பாக் ஐயா நின்று மரங்களுக்குள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்றைக்குச் சொந்தக்காரர் கீழே இறங்கி வந்திருக்கிறார். இங்கேயே கொடுத்துவிட்டு வருகிறேன். ஐந்து நிமிடம். நீங்கள் இந்த இடத்தை விட்டு அசைய வேண்டாம்."

பையை என்னிடம் தந்துவிட்டுப் போத்தலோடு பாதையை விட்டு இறங்கினார். என் கைக்கடிகாரத்தில் 9.25. அவருடைய சிவப்பு மேற்சட்டை ஐந்தாறு அடியிலேயே மறைந்துவிட்டது.

9.35 இருக்கும், "யோகன்" என்று ஒரு குரல். எந்தப் பக்கம் என்று பிடிபடவில்லை. அவருடைய குரல் போலவும் இருந்தது, இல்லை போலவும் இருந்தது. கொஞ்சம் பொறுத்து இரண்டாம் தரம், "யோகன்". நான் அவருடைய பையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றேன். இன்னும் ஒரு தரம் கூப்பிடட்டும், உடனே பதில் சொல்கிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். இருபத்தொரு வயது ஆண்பிள்ளை, காலை வெளிச்சத்தில், பேய்க்குப் பயந்து நின்றேன். அதை இப்போது எழுதவும் வெட்கமாக இருக்கிறது.

மூன்றாவது கூப்பாடு வரவேயில்லை.

பத்து மணிக்கு உச்சிக்கு ஓடி, பாக் ஐயாவைக் காணவில்லை என்று மற்றவர்களிடம் சொன்னேன். குரல் கேட்டதைச் சொல்லவில்லை. எல்லோரும் பரந்து இறங்கி "யாஹோ, யாஹோ" என்று கத்தித் தேடினார்கள். மூடுபனி அந்தச் சத்தத்தைத் திருப்பித் திருப்பி எங்களுக்கே அனுப்பியது. 12.40க்குத்தான், நாயோடு நடக்க வந்த ஒருவர் அவரைக் கண்டார். நான் நின்ற இடத்திலிருந்து நாற்பது அடிகூட இல்லை. ஈரச் சுண்ணாம்புச் சரிவில் வழுக்கித் தொடை எலும்பு முறிந்திருந்தது. உடம்பு சில்லிட்டு, நினைவு மங்கி, உதடு நீலமாகியிருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் கிடந்திருந்தால் கதை வேறு என்று அம்புலன்ஸ்காரர் சொன்னார்.

புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். உண்மையைச் சொல்லிக் காலில் விழுவது என்று வழி முழுக்க ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். அவர் என்னைக் கண்டதும் இரண்டு கையையும் நீட்டினார்.

"யோகன், உங்களுக்கு நன்றி. நீங்கள் பதில் சொல்லியிராவிட்டால் நான் பயத்திலேயே செத்திருப்பேன்."

"நான் என்ன சொன்னேன் ஐயா?"

"இரண்டாம் தரம் கூப்பிட்டதும் 'வாறன்' என்றீர்களே. மிகக் கிட்டத்தில் கேட்டது. அதனால்தான் பிறகு நான் கூப்பிடவில்லை. வருகிறார், வருகிறார் என்று காத்துக்கொண்டிருந்தேன்."

வலியில் வந்த பிரமை, தினமும் வீட்டில் கேட்ட சொல் காதில் ஒலித்திருக்கும் என்று முப்பது வருடமாக எனக்கு நானே சொல்லி வருகிறேன். பகலில் அது நம்பக்கூடியதாகத்தான் இருக்கிறது. அவரிடம் நான் உண்மையைச் சொல்லவில்லை. அவர் பிழைத்தார், தடி ஊன்றி நடந்தார், அதற்குப் பிறகு மலைக்குப் போகவில்லை. சில வருடங்களின் பின் அவர் காலமானபோதும், நான்தான் பதில் கொடுத்துத் தைரியம் சொன்ன பிள்ளை என்று பாக் அம்மா எல்லோருக்கும் அறிமுகம் செய்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

சரி, போக விரும்புகிறவர்களுக்கு. வாட்டர்லூவிலிருந்து பொக்ஸ் ஹில் அண்ட் வெஸ்ட்ஹம்பிள் நிலையத்துக்கு ஏறக்குறைய ஐம்பது நிமிடம். நிலையத்திலிருந்து மிதிகற்கள் பதினைந்து நிமிட நடை, அங்கிருந்து உச்சிக்கு ஆறுதலாக நாற்பத்தைந்து நிமிடம். மழை பெய்த மறுநாள் போகாதீர்கள், அங்குள்ள சுண்ணாம்பு மண் சவர்க்காரம் மாதிரி வழுக்கும். முதல் நாளே நியூ மோல்டனில் கொரியச் சோற்றுச் சுருள் வாங்கிவைத்துக் கட்டிக்கொண்டு போனால் மதியச் சாப்பாட்டுக் கவலை இல்லை. யூ மரங்களுக்குள் கூட்டத்தை விட்டுப் பிரியாதீர்கள். யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் முதல் தரத்திலேயே பதில் சொல்லிவிடுங்கள். நீங்கள் சொல்லாவிட்டாலும், அங்கே பதில் சொல்ல ஆள் இருக்கிறது.