மூன்றாம் பேரிங்கில் ஒரு துண்டுத் தோல்

நான் ஒரு மடையன். அடக்கத்துக்காகச் சொல்லவில்லை; கையில் ஆதாரம் இருக்கிறது. ஓடுகிற மோட்டாரின் வயிற்றுக்குள் எருமைத்தோலை வைத்து மூடிவிட்டு, நோய் தீர்ந்தது என்று மீசையை முறுக்கியவன் இந்த ஆம்பூர்ப் பக்கத்தில் என்னைத் தவிர வேறு எவன்?

மடத்தனத்தோடு நின்றிருந்தால் நீங்களும் நானும் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். நான் அதற்குமேல் ஒரு பொய்யும் சொன்னேன். அந்தப் பொய் ஒரு மனிதனின் பிழைப்பைத் தின்றது. இதுவரை அதை ஊரறியச் சொல்லவில்லை... பாவி, சொல்லவில்லை!

தோல் பதனிடும் ஷாப் ஒன்றின் முதலாளிக்கு நான் மோட்டார் டிரைவர். அவருடைய வண்டி எங்களிடம் வருவதற்கு முன்பே இரண்டு வெள்ளைக்காரர்களுக்கு உழைத்துக் களைத்தது. ஆறு வருஷத்துக்கு முன் அதன் இன்ஜினுக்குள் ‘டொக், டொக்’ என்று ஒரு சத்தம் கிளம்பியது. எண்ணெயின் அழுத்தம் காட்டும் முள், காலையில் நிமிர்ந்து நிற்கும். இன்ஜின் சூடேறியதும் குடிகாரனைப் போலப் படுத்துவிடும். நான் என்ன செய்தேன்? முள்ளின் மேல் என் தொப்பியை மாட்டிவைத்தேன். கண்ணில் படாத நோய் நோயல்லவே!

ஷாப்பில் மாசிலாமணி என்று ஒரு ஃபிட்டர் இருந்தார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், அதிகம் பேசமாட்டார். ஒரு மரக்குச்சியின் நுனியை இன்ஜினில் வைத்து, மறுநுனியைக் காதில் வைத்துக் கேட்டார். பிறகு பிளக்குகளின் கம்பியை ஒவ்வொன்றாகக் கழற்றினார். மூன்றாவதைக் கழற்றியதும் சத்தம் அடங்கியது. கீழே படுத்து, எண்ணெய்த் தட்டை இறக்கிப் பார்த்துவிட்டு, திரும்ப மூடி எழுந்தார்.

“மூணாவது பேரிங் தேஞ்சி போச்சிப்பா. அந்தச் சந்துல எண்ணெ ஓடிப்போவுது, அதான் முள்ளு நிக்கல. மெட்ராஸ்ல பேரிங்குக்குப் புதுசா ஈயம் ஊத்தி வர்ற வரைக்கும் வண்டிய எடுக்காத.”

பத்து நாளாகும் என்றார். ஆனால் வெள்ளிக்கிழமை முதலாளி, மகள் சம்பந்தம் பேச வாலாஜாபேட்டைக்குப் போகவேண்டும். ஜட்கா வண்டியில் போய் இறங்கினால் மானம் போய்விடும் என்று அவர் முகம் சுருங்கியது. உடனே என் வாய் திறந்துகொண்டது. வண்டி போகும், நான் பொறுப்பு என்றேன். கேட்டீர்களா? பொறுப்பாம்!

தோலால் ஆகாத காரியம் ஒன்று உண்டு என்று எங்கள் ஊரில் எவனும் நம்பமாட்டான். செருப்பாகிக் கல்லிலும் முள்ளிலும் மூன்று வருஷம் தேயாத தோல், பேரிங்கில் சுழலும் ஒரு இரும்புத்தண்டுக்கு நாலு மணி நேரம் தாங்காதா? வியாழக்கிழமை மாசிலாமணி சாப்பிடப் போன வேளையில், புங்கெண்ணெய் ஊறிய தோலில் ஒரு பட்டையை அறுத்தேன். மூன்றாவது பேரிங்கின் சந்தில் வைத்து இறுக்கினேன். இன்ஜினைக் கிளப்பினால்... சத்தமே இல்லை! பெரிய வைத்தியனாகிவிட்டதாக நினைத்து நானே என் முதுகைத் தட்டிக்கொண்டேன்.

பள்ளிகொண்டா வரைக்கும் வண்டி பூனைபோல ஓடியது. அதைத் தாண்டியதும் ‘டொக்’ என்றது. தொப்பியைத் தூக்கிப் பார்த்தேன்; முள் படுத்திருந்தது. நிறுத்தினேனா? இல்லை. தொப்பியைத் திரும்ப மாட்டினேன்! அரை மைல்கூடப் போகவில்லை. தண்டு முறிந்து, இன்ஜினின் விலாவைப் பிளந்துகொண்டு வெளியே வந்தது.

கடைசியாக இதில் கை வைத்தவன் எவன் என்று முதலாளி கத்தினார். ‘மாசிலாமணி’ என்றேன். ஒரு மூச்சுக்கூட யோசிக்கவில்லை... இத்தனை சுலபமாகவா வரும் ஒரு மனிதனின் பெயர்? முதலாளி ஜட்கா பிடித்துப் போனபின், கருகிய தோலின் மிச்சத்தைத் தேடியெடுத்துச் சாலையோர மண்ணில் புதைத்தேன்.

மறுநாள் மாடு பூட்டி வண்டியை இழுத்துவந்தோம். ஷாப்பே கூடி நின்றது. மாசிலாமணி குனிந்து, எண்ணெயை விரலில் தொட்டு முகர்ந்தார்.

“முதலாளி, தோலு கருகுன நாத்தம் வர்து. நான் மூடுனப்புறம் யாரோ உள்ள தோல வெச்சிருக்காங்க.”

அவ்வளவுதான், பிடிபட்டேன். உண்மை அவருடைய விரல் நுனியில் இருந்தது. அப்போது நான் சொன்னேன்:

“தோல் ஷாப்புல தோலு நாத்தம் வராம, மல்லிப்பூ வாசனையா வரும்ண்ணா?”

சிரித்தார்கள். தோல் அலசுகிறவர்கள் சிரித்தார்கள், கணக்கர் சிரித்தார், முதலாளியும் சிரித்தார். நீங்களும் இப்போது உதட்டோரம் சிரித்தீர்களா? சிரித்திருப்பீர்கள்! அதில்தான் என் வயிறு எரிகிறது. ஒருவனாவது, ‘இருய்யா, அந்த எண்ணெயை நானும் முகர்ந்து பார்க்கிறேன்’ என்று குனிந்திருக்கக் கூடாதா? ஊரில் நூறு மூக்கு இருந்தது. பச்சைத்தோல் எது, பதப்பட்ட தோல் எது என்று இருட்டிலும் சொல்லும் மூக்குகள்! ஒரு கோமாளியின் ஒரு வரி, அத்தனையையும் அடைத்துவிட்டது. என்ன ஜனங்கள்! அவர்களைச் சொல்ல நான் யார்?

அன்று மாலையே மாசிலாமணிக்கு வேலை போயிற்று. இன்ஜினை உடைத்த ஃபிட்டர் என்ற பெயர் அவருக்கு முன்னால் ஊர் ஊராக நடந்தது. வாணியம்பாடியிலும் சேர்க்கவில்லை, ராணிப்பேட்டையிலும் சேர்க்கவில்லை. எனக்கோ முதலாளி புது மோட்டாரை ஓட்டக் கொடுத்தார்.

ஆறு வருஷம் கழிந்தது. சென்ற மாதம் குடியாத்தம் கடைத்தெருவில், பின்னால் உட்கார்ந்திருந்த முதலாளிக்கு வெற்றிலை வாங்குவதற்காக வண்டியை நிறுத்தி இறங்கினேன். எதிரே, வேப்பமரத்தடியில், ஒருவர் சைக்கிள் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தார். மரக்குச்சி ஒன்றைக் கொண்டே இன்ஜினின் நோயைச் சொன்ன அந்தக் காதுக்குப் பக்கத்தில், நரை.

அருகே போனேன். வாழ்நாளில் முதல்முறையாக வேடிக்கை எதுவும் வாயில் வரவில்லை. தோலை வைத்தது நான்தான், புதைத்ததும் நான்தான் என்று அவர் காதருகே கிசுகிசுத்தேன். அழுதேன் என்றுகூட நினைக்கிறேன்.

மாசிலாமணி டியூபைத் தண்ணீரிலிருந்து எடுக்கவில்லை. தலையை மட்டும் நிமிர்த்தி, என்னைத் தாண்டி, மோட்டாரின் பின்னிருக்கையைப் பார்த்தார்.

“எனக்குத்தான் தெரியுமேப்பா, தெரியாதவரு அங்க குந்தினு இருக்காரு.”