இரண்டாவது கடதாசி

எண்பத்தைந்தாம் ஆண்டுக் கோடையில் எனக்கு ஒன்பது வயது. எங்கள் குடும்பத்தில் டேனிஷ் தெரிந்த ஒரே ஆள் நான்தான். அதனால் எனக்கு வந்த திமிர் கொஞ்சநஞ்சமல்ல. டென்மார்க்கில் எஸ்பியர்க் என்ற துறைமுக ஊரில், அகதிகளுக்காக ஒதுக்கப்பட்ட பழைய தாதியர் விடுதி ஒன்றில் பத்து மாதமாக இருந்தோம். அங்கே யாருக்காவது பல் வலித்தாலும், யாருக்காவது கடிதம் வந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அப்பா யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படிப்பித்தவர். ஆனால் டேனிஷ் வகுப்பில் கடைசி வாங்கில் போய் இருந்துகொண்டு, பாதிச் சொல்லை விழுங்கிவிட்டுப் பேசுகிற மொழி தன் வயதுக்கு ஏறாது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது அவருக்கு முப்பத்தெட்டு வயது. அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, வகுப்புக்குப் போவதும் ஒன்று, போகாததும் ஒன்று. அவருக்கு எந்த நேரமும் அரசியல்தான்.

எங்களுக்கு அடுத்த அறையில் ஒரு பாலஸ்தீனக் குடும்பம் இருந்தது. லெபனானில் அகதி முகாமில் பிறந்து வளர்ந்து, அங்கிருந்தும் ஓடி வந்தவர்கள். அவரை எல்லோரும் அபூ காலித், அதாவது காலிதின் அப்பா என்று கூப்பிட்டார்கள். மனைவி உம்மு காலித். காலிதுக்கு ஒன்றரை வயதுதான். அந்தப் பெரிய மனிதர் இவ்வளவு சின்னப் பயலின் பெயரால் அழைக்கப்படுவது எனக்குச் சிரிப்பாக இருந்தது. முகாமில் வாத்தியாராக இருந்தவர் அவர். மாலை நேரங்களில் விடுதிப் பிள்ளைகளை மேசையைச் சுற்றி இருத்தி, ஆங்கிலத்தில் கணக்குச் சொல்லித் தருவார்.

உம்மு காலித் அப்போது மாசமாக இருந்தார். காலிதுக்கு முன்னால் ஒரு பிள்ளை பிறக்கும்போதே இறந்துவிட்டதாம். அதனால் டொக்டர் கவனமாக இருக்கச் சொல்லியிருந்தார். இந்த நேரம் பார்த்து அவர்களை ஸ்கீவ என்ற தூரத்து ஊருக்கு மாற்றப்போவதாகக் கடிதம் வந்தது. அங்கே அவர்களுக்கு ஒருவரையும் தெரியாது. பிள்ளை பிறக்கும்வரையாவது இங்கே இருக்க விடவேண்டும் என்று அம்மா கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். அதைக் கேட்கக்கூடிய ஆள் ஒருவர்தான் இருந்தார். அவர் இங்கர்.

இங்கர் அறுபதைத் தாண்டியவர். சம்பளம் ஒன்றும் இல்லாமல் வாரத்தில் மூன்று நாள் விடுதிக்கு வருவார். பெரிய சுடுதண்ணீர்ப் போத்தலில் கோப்பி கொண்டுவருவார். உம்மு காலிதைத் தன் காரில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போய் வருவதும் அவர்தான். இந்த நாட்டு வழக்கப்படி நான் அவரை வெறும் இங்கர் என்று கூப்பிட, அம்மாவுக்குக் காதில் நாராசம் பாய்ந்த மாதிரி இருக்கும். இங்கர் அன்ரி என்று திருத்துவார். இங்கர் சொன்னால் விடுதிப் பொறுப்பாளர் தட்டமாட்டார் என்று எல்லோருக்கும் தெரியும். மாற்றத்தைத் தள்ளிவைக்கும்படி கேட்கிறேன் என்று இங்கரும் ஒப்புக்கொண்டிருந்தார். பொறுப்பாளர் விடுமுறையில் இருந்தார், அவர் திரும்பி வரவேண்டியதுதான் பாக்கி.

அந்த இடைவெளியில்தான் கோபன்ஹேகனில் குண்டு வெடித்தது. யூதர்களின் தொழுகைக்கூடத்துப் பக்கத்தில். அருகிலிருந்த யூத முதியோர் இல்லத்திலும் கண்ணாடிகள் நொறுங்கின என்று செய்தியில் காட்டினார்கள். அந்த இல்லத்தில் இங்கரின் சிநேகிதி ஒருவர் இருந்தார். போர்க்காலத்தில், ஜெர்மன்காரர் யூதர்களைப் பிடிக்கத் தொடங்கியபோது, இங்கரின் தகப்பன் அந்தச் சிநேகிதியின் குடும்பத்தைத் தன் மீன்பிடிப் படகில் மறைத்துச் சுவீடனுக்குக் கொண்டுபோய் விட்டவர். இந்தக் கதையை இங்கர் எனக்குச் சின்னச் சின்ன வசனங்களில் இரண்டு முறை சொல்லியிருக்கிறார். இரண்டாம் முறை சொன்னபோது அழுதார். இப்போது அந்தச் சிநேகிதியின் முகத்தில் கண்ணாடி கிழித்துத் தையல் போட்டிருந்தார்களாம்.

நாலைந்து நாள் கழித்து, ஒரு பிற்பகல் இங்கர் பெரிய சித்திரக் கடதாசி ஒன்றை இரண்டாக மடித்து, வெளியே காய்ந்த பூக்களை ஒட்டிக்கொண்டு வந்தார். அந்த முதியோர் இல்லத்துக்கு அனுப்பும் ஆறுதல் மடல் அது. விடுதியில் இருக்கும் எல்லாக் குடும்பமும் அதில் தங்கள் எழுத்தில் பெயர் எழுதவேண்டும். போரைக் கண்டு ஓடிவந்தவர்கள் எழுதினால் அதற்கு மதிப்பு அதிகம் என்று இங்கர் சொன்னார். அதைவிட முக்கியமான செய்தி ஒன்று எனக்கு இருந்தது. தன் மகனின் பழைய சிவப்புச் சைக்கிளை அவர் காரில் ஏற்றி வந்திருந்தார். பெயர் எழுதும் வேலை முடிந்ததும் எனக்குச் சைக்கிள் ஓடப் பழக்குவதாகச் சொல்லியிருந்தார். துறைமுகப் பக்கமிருந்து மழை இருட்டிக்கொண்டு வந்தது. காற்றில் மீன்தூள் ஆலையின் நாற்றம் வந்தால் மழைக்கு அரை மணித்தியாலம்தான் என்பது எங்கள் கணக்கு. அன்று நன்றாகவே நாறியது.

முதலில் கையெழுத்துப் போட்டவர் அப்பா. அவர் ஜெபக்கூட்டத்துக்கு ஒழுங்காகப் போகிறவர். சீயோன், எருசலேம் என்ற பெயர்களைக் கேட்டாலே உருகிவிடுவார். பெயருக்குக் கீழே ஒரு வேதவசனத்தின் இலக்கத்தையும் எழுதினார். அடுத்தது சித்தப்பாவின் முறை. அவர் பேனையைக் கையால் தொடவில்லை.

"கர்த்தருடைய சனம் எண்டு உருகிறீங்கள் அண்ணை. எங்கட பொடியளை எப்பிடிச் சுடுறதெண்டு ஆமிக்காரனுக்குச் சொல்லிக் குடுக்கிறது ஆர்? இஸ்ரேலில இருந்து வந்து நிக்கிறவைதானே."

"அந்தக் கிழவியளோ வந்து சொல்லிக் குடுத்தது?"

"அப்ப எங்கட ஊரில செத்த கிழவியள் மட்டும் என்ன செய்தவை?"

அப்பாவும் விடவில்லை. எங்கள் பொடியளும்தான் சிங்களச் சனத்தைப் பேருந்தில் வைத்துச் சுடுகிறார்கள், அதற்கும் யாரோ ஒருவன் இப்படித்தான் ஒரு நியாயம் வைத்திருப்பான் என்றார். சித்தப்பாவின் முகம் சிவந்துவிட்டது. இரண்டு பேரும் தமிழில் மூச்சு விடாமல் மோதிக்கொள்ள, இங்கர் ஏதோ குடும்பச் சண்டை என்று நினைத்துக் கோப்பி ஊற்றினார். கடைசியில் அம்மா பேனையை வாங்கி, தன் பெயரை எழுதி, அதற்குக் கீழே சித்தப்பாவின் பெயரையும் தானே எழுதிவிட்டார். தமிழ் எழுத்தில் யார் கை எழுதியது என்று இங்கருக்கு எப்படித் தெரியும்? சித்தப்பா முறைத்தார், ஆனால் அழிக்கச் சொல்லவில்லை.

அதன்பிறகு அபூ காலித் வந்தார். மடலை எடுத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினார். இங்கருக்கு ஆங்கிலம் தெரியாது, பள்ளிக்கூடத்தில் ஜெர்மன் படித்தவர். இருந்தாலும் அபூ காலித் அவர் முகத்தைப் பார்த்தே பேசினார். குரல் உயர்ந்தது. அப்பா அதை வசனம் வசனமாக மெல்லிய குரலில் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். அதனால்தான் எனக்கும் விளங்கியது.

அந்த முதிய அம்மாவுக்கு நடந்தது அநியாயம் என்றார் அபூ காலித். முகம் கிழிந்த கிழவிக்கும் தங்கள் மேல் குண்டு போட்ட விமானத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று தனக்குத் தெரியும் என்றார். மூன்று வருடத்துக்கு முன் இதே மாதிரி ஒரு கோடையில் இஸ்ரேலிய விமானம் தங்கள் கட்டிடத்தில் குண்டு போட்டபோது தன் அம்மா மாடிப்படியில் நின்றார் என்றார். அவரைத் தன் கையால்தான் தூக்கி வெளியே கொண்டுவந்தாராம். எந்த ஊரிலிருந்தும் யாரும் ஒரு கடதாசி அனுப்பவில்லை.

"இதில மட்டும் எழுதினால், என்ர அம்மா தானாய்ப் படியால விழுந்து செத்த மாதிரி ஆகிப்போகும் எண்டுறார்," என்று அப்பா சொன்னார். "அவவுக்காக இன்னொரு கடதாசியும் கொண்டு வரட்டாம். இந்த மனுசியும் அதில எழுதட்டாம். தான் ரெண்டிலயும் எழுதுவாராம்."

சொல்லி முடித்து அபூ காலித் என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவர் என்ன சொன்னார் என்று இங்கர் கேட்டார்.

அம்மா, செத்துப்போனார், கடதாசி, இன்னொன்று. இந்தச் சொற்கள் எல்லாம் டேனிஷில் எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் விட்டேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை. ஆனால் யன்னலில் முதல் துளி விழுந்துவிட்டது. முழுவதையும் சொன்னால் இங்கர் திருப்பிக் கேட்பார், அபூ காலித் பதில் சொல்வார், அது எப்போது முடியும்?

"ஹான் வில் இக்கெ," என்றேன். அவருக்கு விருப்பமில்லை.

இவ்வளவு நேரம் பேசினாரே, அவ்வளவுதானா என்று இங்கர் கேட்டார். அவ்வளவுதான் என்றேன். இங்கர் நிமிர்ந்து பெரியவர்களை ஒருமுறை பார்த்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அபூ காலிதோ, தான் சொன்னதைக் கேட்டு அந்த மனுசியின் முகம் வாடுகிறது என்று நினைத்துக்கொண்டு, நெஞ்சில் கைவைத்து மரியாதையாகத் தலையசைத்துவிட்டு அறைக்குப் போனார். இங்கர் மடலை மூடிப் பைக்குள் வைத்தார். அன்று சைக்கிள் பழக்கவில்லை. சைக்கிளை மட்டும் மதிலோடு சாத்திவிட்டு, தலை இடிக்கிறது என்று போய்விட்டார். எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. நான் இவ்வளவு சுருக்கமாக முடித்துக்கொடுத்தும் இப்படிச் செய்துவிட்டாரே என்று.

அடுத்த இரண்டு வாரம் இங்கர் வரவில்லை. சிநேகிதியைப் பார்க்கக் கோபன்ஹேகன் போயிருந்தார். அபூ காலித் கணக்கு மேசையில் என்னிடம் கேட்டார், இங்கர் அந்தக் கடதாசி பற்றி ஏதாவது சொன்னாரா என்று. கொண்டு வருவார் என்று எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னேன். இரண்டு நாள் கழித்து மறுபடி கேட்டார். அப்போதும் அதையே சொன்னேன். அவர் அதை நம்பினார். மனைவியிடம் அரபியில் ஏதோ சொல்ல, உம்மு காலித் என் கன்னத்தைத் தடவினார். அந்தக் கையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

திரும்பி வந்த இங்கர் யாரோடும் சண்டை போடவில்லை. யாரைப் பற்றியும் ஒரு கெட்ட சொல் சொல்லவில்லை. எங்களுக்கு அடுத்த அறைக் கதவை மட்டும் தட்டாமல் விட்டார். பொறுப்பாளரும் வந்துவிட்டார். மாற்றத்தைத் தள்ளிவைக்கும்படி அவரிடம் யாரும் கேட்கவில்லை. அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு இங்கரிடம் போய்க் கேட்கலாமா என்றார். அப்பா, அது எங்கள் வேலை இல்லை, பேசாமல் இரு என்றார்.

ஓகஸ்ட் மாதம் ஒரு காலையில் சின்ன பஸ் வந்தது. உம்மு காலித் எட்டாம் மாதத்தில், ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியில் ஏறினார். அம்மா பருப்பு வடையைக் கடதாசியில் சுற்றிக் கொடுத்துவிட்டுக் கட்டிப்பிடித்து அழுதார். அபூ காலித் எனக்குக் கைகொடுத்தார், பெரிய ஆட்களுக்குக் கொடுப்பது போல. கடதாசியைப் பற்றி அன்று அவர் கேட்கவில்லை. அந்தப் பிள்ளை பிறந்ததா, பிழைத்ததா என்பது எங்களுக்கு இன்றுவரை தெரியாது. அம்மா ஸ்கீவவுக்கு எழுதிய இரண்டு கடிதத்துக்கும் பதில் வரவில்லை.

இதை நான் யாரிடமும் சொல்லாமல் முப்பது வருடத்துக்கு மேல் வைத்திருந்தேன். எங்களுக்கு விசா கிடைத்து, நாங்கள் ஓகூஸ் நகரத்துக்கு வந்து, நான் படித்து, கலியாணம் செய்து, பிள்ளைகளையும் பெற்ற பிறகும் சொல்லவில்லை. பாலஸ்தீனச் செய்தி தொலைக்காட்சியில் வரும்போதெல்லாம் கோப்பி போடுவது போல எழுந்து குசினிக்குப் போய்விடுவேன். அம்மா இறந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு தனியாக இருந்தேன். திரையில் இடிந்த வீடுகள். இரண்டு பேர் முதலில் தொடங்கியது யார் என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். அன்று என்னவோ குசினிக்குப் போகாமல் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவசரப்பட்டு அபூ காலித் சொன்னதை விழுங்கியதை. பிறகு சொன்ன பொய்யை. அந்தப் பெண்ணை எட்டாம் மாதத்தில் பஸ்ஸில் ஏற்றியது நான்தான் என்று சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்.

"நீ டேனிஷில சொன்ன அந்த ரெண்டு மூண்டு சொல்லும் எனக்கு விளங்கினதுதான் பிள்ளை," என்றார். "வகுப்பில முதல் கிழமையே அதைத்தான் படிப்பிச்சவை."

"அப்ப ஏன் நீங்கள் சொல்லேல்லை?"

"எங்கட அகதிக் கேஸ் அப்ப முடியேல்லை. அவருக்காக வாய் திறந்தால் எங்களையும் அவரோட சேர்த்துப் பாப்பினம் எண்டு பயந்தனான்."

சித்தப்பாவுக்கும் விளங்கியதா என்று கேட்டேன். வீட்டில் யாரையும் வாயால் வெல்லவிடாத மனிதர் அவர்.

"அவனுக்கும் விளங்கினது. நாங்கள் ரெண்டு பேரும் அதைப் பற்றிப் பிறகு ஒருநாளும் கதைச்சதில்லை."

சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. ஆறுதலும் வந்தது. எது முதலில் வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. அந்த அறையில் டேனிஷ் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று இத்தனை வருடமும் நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன். ஒன்பது வயதில், பெரியவர்கள் பேசாமல் இருந்தால் அவர்களுக்கு விளங்கவில்லை என்றுதான் நான் நினைத்தேன்.