ஞானமணிக்குப் பின்னால் ஒட்டிய ‘அம்மா’

நேற்றுக் கனடாவிலிருந்து மகன் கதைத்தான். “அப்பா, பிறக்கப்போற பிள்ளைக்கு, ஆம்பிளைக்கும் பொம்பிளைக்கும் பொருந்துற மாதிரி ஒரு பேர் சொல்லுங்கோ. கடைசிப் பேர் உங்கடை பேர்தானே.” வெறும் முதலெழுத்தாக இருக்கவேண்டிய என் பெயர் அங்கே போய்க் குடும்பப் பெயராகிவிட்டது. அந்தப் பெருமையில் வாய் தன்பாட்டில் “ஞானமணி” என்றுவிட்டது. பிறகுதான் நெஞ்சு சுருக்கென்றது.

யாழ்ப்பாணத்தில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தேன். சண்டைக் காலம். கொழும்புக்குப் போகிறவர்களுக்கு, வழிச் சோதனையில் காட்ட, இவர் இன்னார் என்று உறுதிக் கடிதம் அடித்துக் கொடுப்பேன். குருநகரிலிருந்து ஒருவர் தன் அயல்வீட்டாருக்காகக் கொண்டுவந்த விண்ணப்பம் கருவாடு மணத்தது. ‘சவரிமுத்து ஞானமணி’. ஆணா பெண்ணா என்ற இடம் வெறுமையாக இருந்தது. எனக்குக் கணக்குப் படிப்பித்த ஞானமணி வாத்தியாருக்குப் பெரிய மீசை. அந்த நினைப்பில் ‘சவரிமுத்துவின் மகன்’ என்று அடித்தேன். சவரிமுத்து தகப்பனா புருஷனா என்று கேட்டிருக்கலாம். தேநீர் ஆறிவிடும் என்ற அவசரம் எனக்கு.

ஒரு கிழமையால் ஒரு பெண் கடிதத்தோடு வந்து நின்றார். வெளிநாடு போகும் ஒரே மகனை வழியனுப்பப் புறப்பட்டவர். கிளாலியில் வள்ளம் ஏறி வவுனியா வரை போயிருக்கிறார். அடையாள அட்டை பெண் என்றது, என் கடிதம் ஆண் என்றது. சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மகன் தாயைக் காணாமலே விமானம் ஏறிவிட்டான்.

அவர் ஏசவில்லை. “தம்பி, என்ரை பேரிலை ஏதும் பிழையோ?” என்று கேட்டார்.

பிழை என்னுடையது என்று சொல்லியிருக்க வேண்டும். பக்கத்து மேசையில் பெரிய கிளார்க் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். “ஓமம்மா, உது ரெண்டு பேருக்கும் வைக்கிற பேரெல்லே, அதுதான் குழப்பம்” என்றேன்.

“ஞானமெண்டால் அறிவு, மணியெண்டால் மாணிக்கம் எண்டு ஐயா ஆசையா வைச்ச பேர், தம்பி” என்றார். கடிதத்தை நாலாக மடித்துக்கொண்டு போனார்.

சில மாதங்களின் பின் நிவாரண அட்டைக்கு அவருடைய விண்ணப்பம் வந்தது. கோணல் எழுத்தில் ‘ஞானமணியம்மா’ என்று எழுதியிருந்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் அந்த ‘அம்மா’வை வெட்டாமல் முத்திரை குத்தினேன்.

தொண்ணூற்றைந்தில் எல்லோரும் இடம்பெயர்ந்தோம். திரும்பி வந்து குருநகரில் விசாரித்தேன். அவரிருந்த வீடும் இல்லை, அயல்வீட்டுக்காரரும் இல்லை. ஞானமணியம்மாவைக் கேட்டால், அப்படி ஒருவரும் இங்கே இருக்கவில்லை என்றார்கள். அவர்களுக்குத் தெரிந்தது ஞானமணியைத்தானே. அது பிறகுதான் எனக்கு உறைத்தது.

மகனுக்குப் பெயர் நன்றாகப் பிடித்துவிட்டதாம். இனி அந்தப் பெயருக்குப் பின்னால் என் பெயர் நிற்கப்போகிறது.