அண்ணி வளர்த்த பன்னீர் ரோஜா

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். எழுத்துப் பிழைகளும் இருக்கலாம். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஆவடி பக்கம் கோவில்பதாகையில் எங்கள் வீட்டின் பக்கச் சந்தில், மதில் சுவருக்கும் செப்டிக் டேங்க் மூடிக்கும் நடுவே, இரண்டு முழ அகலத்துக்கு மண் உண்டு. அதில் ஒரு பன்னீர் ரோஜா நிற்கிறது. பூக்கடை ரோஜா போல ஒற்றைத் தண்டில் நிமிர்ந்து நிற்கும் சாதி இல்லை இது. புதராகப் படரும். தண்டு முழுக்கப் பொடிப்பொடியாக முள். வெளிர் சிவப்பில் கொத்தாகப் பூக்கும். பறித்து வைத்தால் மத்தியானத்துக்குள் இதழ் கொட்டிவிடும். ஆனால் அந்த வாசனைக்கு ஈடு கிடையாது. காலை ஷிப்டுக்குச் சைக்கிளை எடுக்கும்போது தெருமுனை வரை கூடவே வரும்.

அதை வைத்தவர் என் அண்ணி. முன்பக்கப் போர்ஷனில் அண்ணனும் அண்ணியும், பின்பக்கத்தில் நானும் என் மனைவியும் மகளும் இருந்தோம். அண்ணியின் தாய்வீடு பூந்தமல்லிப் பக்கம். குத்தகை நிலத்தில் பூப் பயிர் வைத்த குடும்பம். அங்கிருந்து பென்சில் கனத்தில் மூன்று குச்சிகளை ஈரத் துணியில் சுற்றி எடுத்து வந்தார். அடியைச் சாய்வாகச் சீவி, பழைய பெயிண்ட் டப்பாவில் நட்டு, மேலே பிளாஸ்டிக் கவரைக் கவிழ்த்து நிழலில் வைத்தார். இரண்டு கறுத்துப் போயின. ஒன்று துளிர்த்தது. அதைச் சந்தில் நடுவதற்காக அண்ணன் ஏரி வண்டலைச் சைக்கிளில் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டினார். மீன் கழுவிய தண்ணீர், முட்டை ஓடு, டீத்தூள் சக்கை எல்லாம் அதற்குத்தான் போகும். ஒரு தடவை நானும் உபகாரம் செய்வதாக நினைத்து, வடித்த கஞ்சியை ஆற வைக்காமல் கொண்டுபோய் ஊற்றிவிட்டேன். "இன்னா தம்பி, செடிக்குக் காச்சலா? கஞ்சி குடுக்குற?" என்று அண்ணி சிரித்தார். நான் பதில் சொல்லாமல் நின்றேன். "வாயில இன்னா கொயக்கட்டையா வச்சிகினு கீற? ஒரு வார்த்த திருப்பிப் பேசேன்" என்றார். அண்ணியிடம் மட்டுமில்லை, நான் யாரிடமும் அப்படித்தான். கம்பெனியில் என்னோடு பதினைந்து வருடம் பக்கத்து மெஷினில் நின்றவர்கூட என் குரல் எப்படி இருக்கும் என்று மறந்திருப்பார்.

அண்ணிக்குக் குழந்தை இல்லை. என் மனைவி அம்பத்தூர் தையல் கம்பெனிக்கு விடிந்ததும் கிளம்பிவிடுவாள். மகளை வளர்த்தது அண்ணிதான். காலையில் தலை வாரி, இரட்டைச் சடை போட்டு, அன்று பூத்ததில் நல்லதாக ஒன்றை முள் கிள்ளிச் செருகிப் பள்ளிக்கு அனுப்புவார். மகள் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது அண்ணன் மாரடைப்பில் போனார். அதற்குப் பிறகு அண்ணி தன் தலையில் பூ வைக்கவில்லை. மகளுக்கு வைப்பதை நிறுத்தவில்லை. வீட்டுக்குள் நடந்த காரியம் என்பதால் அதை யாரும் ஒரு குறையாகச் சொல்லவும் இல்லை.

மகள் பெரியவளானதும் சடங்குக்கு நாள் குறித்தோம். அண்ணி காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு பின்னோக்கி எண்ணினார். "வெட்டினா நாப்பத்தஞ்சாம் நாளு பூவு. இன்னும் ஒம்போது நாள் கழிச்சி வெட்டணும்" என்றார். சொன்னபடி ஒன்பது நாள் கழித்து, கையில் பழைய சேலைத் துணியைச் சுற்றிக்கொண்டு, வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்கு மேலாக ஒவ்வொரு கிளையையும் அறுத்து, வெட்டிய நுனியில் சாணி அப்பினார். அன்று வந்திருந்த என் மாமியார் அதைப் பார்த்துவிட்டு, "விசேசத்த வச்சிகினு பச்ச செடிய இப்படி மொட்ட அடிச்சி வச்சிருக்காளே" என்று என் மனைவியிடம் முகத்தைச் சுளித்தார். அண்ணி காதில் விழாதது போல இருந்தார். ஒரே மாதத்தில் செடி சிவப்புத் துளிர் விட்டு நிரம்பியது. தினமும் மொட்டுகளை எண்ணுவார். "சடையில மொத பூவ நான்தான் சொருவுவேன், இன்னா?" என்று மகளின் மோவாயைப் பிடித்துக் கேட்பார். அவளும் "வேற யாரு பெரிம்மா வைப்பாங்க?" என்பாள்.

சடங்குக்கு முந்தின நாள் சாயங்காலம் மாமியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மாப்ள, பூவு வரட்டும், நல்லாத்தான் கீது. பூவு வளத்தவ மணையாண்ட வர வேணாம். நாளைக்கு நம்ம பொண்ணுக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது? நீங்களே பக்குவமா சொல்லிடுங்க" என்றார். என் மனைவி பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்தாளே தவிர, மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. மூன்று முறை அண்ணியின் வாசல் வரை போய்த் திரும்பினேன்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் அண்ணி ஒரு முறம் நிறையப் பூப் பறித்திருந்தார். ஆரத்தித் தட்டுக்கும் நீராட்டும் தண்ணீருக்கும் உதிர்த்தது போக, காம்போடு ஒரே ஒரு பூவை ஈரத் துணியில் பொதிந்து கையில் வைத்திருந்தார். பெட்டியிலிருந்து எடுத்த நீலப் புடவை கட்டியிருந்தார். எதிரே போய் நின்றேன். என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"அண்ணி, எல பத்தாதாம். சமையல்காரர் கத்திகினு கீறாரு. ஆவடி மார்க்கெட்டுக்குப் போயி ஒரு கட்டு வாங்கியாந்துடுங்க."

"இப்பவா? நலங்கு வைக்கிற நேரமாச்சே தம்பி."

"இன்னும் ஒரு மணி நேரம் கீது அண்ணி."

அதற்கு முன்பு அவரிடம் நான் அத்தனை வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசியதில்லை. கொழுந்தன் வாய்விட்டு ஒரு உதவி கேட்கிறானே என்ற மகிழ்ச்சி அவர் முகத்தில் தெரிந்தது. அதைத்தான் என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. ஈரத் துணியை என் கையில் கொடுத்து, "வாடாம வெச்சிக்க. வந்து நானே வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். கால் மணி நேரத்தில் மகளை மணையில் உட்கார வைத்தார்கள். மாமியார் கையை நீட்டினார். நான் பூவைக் கொடுத்தேன்.

அண்ணி இலைக்கட்டை இடுப்பில் தாங்கிக்கொண்டு வந்தபோது முதல் பந்தி பாதி முடிந்திருந்தது. சமையல் கொட்டகையில் இரண்டு கட்டு இலை பிரிக்காமலே கிடந்தது. அவர் அதைப் பார்த்தார். தன் கட்டை அதன் மேல் வைத்தார். மணையில் மகளின் சடையைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "எத்தினி நாளு கேட்டுகினு இருந்தேன், பேசுன்னு. பேசிட்ட தம்பி" என்றார். அவ்வளவுதான். முந்தானையைச் செருகிக்கொண்டு கடைசிப் பந்தி வரை பரிமாறினார்.

அன்று சாயங்காலம் மகள், "பெரிம்மா ஏம்மா என் பக்கத்துலயே வர்ல?" என்று தன் அம்மாவிடம் அழுதுகொண்டே கேட்டாள். "அவளுக்கு உன்ன இப்படிப் பாக்கப் பொறுக்கல, மார்க்கெட்டுக்குக் கெளம்பிட்டா" என்றார் மாமியார். நான் நாலடி தூரத்தில் கை கழுவிக்கொண்டிருந்தேன். காலையில் சொன்ன பொய்கூடப் பயத்தில் வந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். இதற்கு அப்படிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அழுதுகொண்டிருக்கும் குழந்தையிடம் ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். குழாயை மூடிவிட்டு உள்ளே போனேன்.

அடுத்த நாளிலிருந்து மகள் தலை வார அண்ணியிடம் போகவில்லை. அண்ணியும் கூப்பிடவில்லை. செடிக்குத் தண்ணீர் மட்டும் ஊற்றினார். கிளை வெட்டிக் கவாத்து செய்யவில்லை, பூப் பறிக்கவில்லை. இதழ் சந்து முழுக்கக் கொட்டும். காலையில் அதைக் குப்பையோடு சேர்த்துப் பெருக்கித் தள்ளும் விளக்குமாற்றுச் சத்தம் என் கட்டிலுக்குக் கேட்கும். இரண்டு வருடம் கழித்துப் பூந்தமல்லியில் இருக்கும் தன் தம்பி வீட்டுக்கே போய்விட்டார். போகும்போது சாவியை என் கையில் கொடுத்தார். ஒரு குச்சியாவது ஒடித்துக்கொண்டு போங்கள் அண்ணி என்று சொல்ல நினைத்தேன். அதையும் நான் சொல்லவில்லை.

மகள் இப்போது அம்பத்தூரில் ஒரு ஆபீஸில் வேலை செய்கிறாள். அவளுக்குக் கல்யாணம் குறித்திருக்கிறது. போன வாரம் பத்திரிகைக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தபோது, "பெரிம்மாவுக்கு வேணாம்ப்பா. என் சடங்குக்கே நிக்காதவங்க, கல்யாணத்துக்கு வந்து இன்னா ஆவப்போவுது?" என்றாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். நான் சொல்லிவிட்டேன். இலை, பஸ், ஈரத் துணி எல்லாவற்றையும். சொல்லி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மகள் பேனாவை மூடி வைத்தாள். "பத்து வருசம்ப்பா" என்றாள்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, பத்திரிகையோடு தனியாகப் பூந்தமல்லிக்குப் போய் வந்தாள். அண்ணி முதலில் செடியைத்தான் கேட்டாராம். "கீது பெரிம்மா, மதிலுக்கு மேல வளந்து நுனியில மட்டும் பூக்குது" என்றாளாம். "வெட்டாம வுட்டா அப்படித்தான்" என்றாராம். பிறகு, "உங்கப்பனா சொன்னான்? அவன் வாயாலயா?" என்று இரண்டு தடவை கேட்டாராம். ஆமாம் என்றதும் கல்யாணத்துக்கு வருவதாகச் சொன்னாராம். ஆனால் மேடை ஏற மாட்டாராம். "எங்க நிக்கணும்னு ஒரு தடவ நல்லாக் கத்துக்குடுத்துட்டாங்க. இன்னொரு தடவ கத்துக்க எனக்கு வயசில்லடி" என்றாராம்.

இதையெல்லாம் மகள் என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள். சொல்லி முடித்த பிறகு பார்த்தாள்.

"பெரிம்மா மேடைக்கு ஏறலன்னா நீயும் ஏறக் கூடாதுப்பா. தாரை வார்க்க அம்மா கூடப் பொறந்த மாமாவும் அத்தையும் நிக்கட்டும். நீ கீழ அவங்க பக்கத்துல உக்காரு."

சரி என்றேன்.

அண்ணி ஏற மாட்டார். அது எனக்குத் தெரியும். மகளுக்கும் தெரியும்.

எழுதியது: வைகாசி மாதம், வியாழக்கிழமை. கல்யாணத்துக்கு இன்னும் பத்து நாள்.