பலகையில் இல்லாத டார்ச்

ஹனோவருக்கு வெளியே ஒரு சிறிய விமானத்தளம். தண்ணீர் கொட்டும் ஒத்திகையை இன்று முடித்தால்தான் காட்டுத்தீக் காலத்தில் பறக்க விமானிக்கு அனுமதி. அவர் இருக்கையில் காத்திருக்கிறார். மெக்கானிக் தர்சினி கருவிகள் மாட்டும் பலகையைக் காட்டுகிறாள். டார்ச்சின் இடம் காலி.

“அது விமானத்துக்குள்ள விழுந்து கிடந்தால் ஆபத்து. கிடைக்காமல் விமானம் வெளிக்கிட ஏலாது.”

முப்பது வருடம் சென்னையில் விமானங்களைச் சோதித்து ஓய்வு பெற்றவன் நான்; இன்று இங்கே வெறும் பார்வையாளன்.

“சபாஷ். முதலில் எல்லார் பையிலும் தேடணும்.”

“தேடியாச்சு ஐயா. நீங்களும் உங்கட பையை ஒருக்காப் பாருங்கோ.”

பார்க்கிறேன். இருக்கிறது. விமானத்தின் தண்ணீர்த் தொட்டியில் குறை கண்டுபிடிக்கக் காலையில் நான்தான் எடுத்திருக்கிறேன்.

அவள் டார்ச்சை மாட்டிவிட்டுப் பதிவேட்டைத் திறக்கிறாள்.

“உங்கட முழுப்பெயர் சொல்லுங்கோ.”

“இதையுமா எழுதணும்?”

“நீங்கள் எழுதாமல் விட்டிருப்பீங்களோ?”

எழுத்து எழுத்தாகச் சொல்கிறேன். அதன் பிறகே விமானிக்குக் கட்டைவிரலைக் காட்டுகிறாள்.